கோயில் ரோட்டுக்கு அடியில் கிடந்த மண் குழாய்



போன வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தவங்க எல்லாரும் வேட்டி சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ளே வந்தீங்க. ஒரு மணி நேர மழைக்கே கோயில் ரோட்டில் முழங்கால் தண்ணி. இப்போது புது லோங்காங் வெட்டுகிறார்கள். தோண்டும்போது சுட்ட மண் குழாய்கள் வரிசையாகக் கிடைத்தன. "இது என்ன?" என்று பலர் கேட்டதால்தான் இந்தப் பதிவு.

நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களில் புலியைவிட குளிர்காய்ச்சலுக்குத்தான் பயம். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ரோஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையே (இன்றைய போர்ட் கிள்ளான்) காய்ச்சலால் மூடிவிடலாமா என்ற நிலை. அப்போது கிள்ளானில் இருந்த டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை அழித்து, சதுப்பில் கால்வாய் வெட்டச் செய்தார். காய்ச்சல் குறைந்தது.

ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் இதே வைத்தியம் பலிக்கவில்லை. ஏன் தெரியுமா? தாழ்நிலத்துக் கொசு நிழலான தேங்கிய தண்ணியில் முட்டையிடும். மலையோரக் கொசு வேறு சாதி. 'மக்குலாத்தூஸ்' என்று பெயர். வெயில் படுகிற, தெளிந்த ஓடை நீர்தான் அதற்குப் பிடிக்கும். மரத்தை வெட்டி கால்வாயைத் திறந்துவிட்டால், நாமே அதற்குத் தொட்டில் கட்டின மாதிரி! அதனால் ஓடைத் தண்ணியை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து ஓட்டினார்கள். முடியாத இடத்தில் வாராவாரம் எண்ணெய் தெளித்தார்கள். 1911இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. நெகிரி செம்பிலானும் அந்த நான்கு மாநிலங்களில் ஒன்று.

நம்ம ரோட்டடியில் கிடைத்ததும் அந்த வகைக் குழாயாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். வாட்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது, தகுதியானவர்தான். மண்வெட்டி பிடித்த நம்ம ஆளுங்க பேர்தான் எந்த ஏட்டிலும் இல்லை.

தோட்டம் இருந்தவரை லோங்காங் வெட்டிச் சுத்தம் செய்ய தனி ஆள் இருந்தார். கங்காணி தினமும் பார்ப்பார். தோட்டம் வித்து, பால்மரமும் செம்பனையும் போய், தாமான் வந்த பிறகு மேட்டில் மண்ணுக்குப் பதில் சிமெண்டு. முன்பு நிலம் குடித்த மழை இப்போது நேரே ரோட்டுக்கு வருகிறது. பழைய கால்வாய் பாதியை மண் போட்டு மூடியும் விட்டார்கள். "இது பள்ளம், அப்படித்தான்" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.

ஒரு குறையும் சொல்லணும். மூன்று பேர் சேர்ந்து போன மாதம் வாய்க்காலைப் பார்த்தோம்: பூமாலை, தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் தட்டு. அது மேட்டுத் தாமான்காரங்க போட்டது இல்லை, நம்ம போட்டது.

குத்தகைக்காரரிடம் பேசி, உடையாத குழாய் இரண்டை வாங்கி மண்டபத்தில் வைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்குக் காட்டுங்க. வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு கோத்தோங் ரோயோங். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாங்க. பசியாற இட்லி உண்டு.