கட்டம் போட்டுப் பழகிய தேர்வு

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வு 1948-இல் தொடங்கியது. தர்க்கப் புதிர்ப் பகுதி அதில் நுழைந்தது 1982-இல். 35 நிமிடம், 4 புதிர்கள். ஏழு பேர் ஏழு நாளில் பேச வேண்டும். முதலாமவர் மூன்றாமவருக்கு முன்னால், ஐந்தாமவருக்குப் புதன் ஆகாது. வெள்ளியன்று யார் பேசலாம்? முன்னறிவு எதுவும் வேண்டாத கேள்வி, ஆகவே கலப்பில்லாத யோசனைத் திறனை அளக்கும் என்று தோன்றும். ஆனால் பழகப் பழக எளிதில் கைவந்த பகுதி இதுதான். வரிசைப்படுத்துவது, குழு பிரிப்பது, இரண்டும் கலந்தது என வார்ப்புகள் சிலவே. பழைய வினாத்தாள்களோ தாராளமாகக் கிடைத்தன. நூறு புதிர் போட்டவர் விதியைப் படிக்கும்போதே நாளுக்கு ஒன்றாக ஏழு கோடு கிழித்துவிடுவார்.

பயிற்சியால் வருவதும் திறமைதானே என்பார்கள். சரிதான், உழைப்பு வக்கீலுக்கும் வேண்டும். ஆனால் வழக்குக் கட்டு இப்படி வார்ப்பில் வருவதில்லை. மாதக்கணக்கில் பழக எல்லோருக்கும் ஓய்வுமில்லை. வேடிக்கை என்னவென்றால், பகுதியை வீழ்த்தியது இந்த வாதமே அல்ல. படம் வரையாமல் இந்தப் புதிர்களைப் போடுவது பெரும்பாடு என்று பார்வையற்றவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசமாகி, 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து பகுதி நீங்கியது. நீக்கினாலும் மொத்த மதிப்பெண்ணில் அநேகமாக மாற்றமில்லை என்றது தேர்வு நடத்தும் அமைப்பு. அப்படியானால் பயிற்சி எதையும் கெடுக்கவில்லையே எனலாம். மொத்தக் கணக்கு அசையவில்லை என்பதால், கோடு கிழித்தே முன்னேறிய ஒருவரின் கணக்கும் அசையவில்லை என்று ஆகிவிடாது.