திரைக்குப் பின்னே ஒரு தலைவி

நாடகம் பார்க்கச் செல்வோர் நடிகரைக் காண்கின்றனர். அவரை இயக்கும் நெறியாளரைக் காண்பதில்லை. கடலோடு பழகிய வல்வெட்டித்துறை நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாய்க்கப்பலிலே பலர் பாடுபடினும், அது செல்லும் திசைக்குப் பொறுப்பாளர் தண்டையலே. திரைப்படத்துக்கு அத்தகைய தண்டையல் நெறியாளர். அப்பொறுப்பு நெடுங்காலம் ஆடவர் கையிலேயே இருந்தது. தமிழ்த் திரையுலகில் அதனை முதன்முதல் ஏற்ற பெண்மணி டி. பி. இராஜலட்சுமி.

1911 ஆம் ஆண்டிலே தஞ்சைத் தரணியின் திருவையாற்றில் அவர் பிறந்தார். அக்கால வழக்கப்படி, விளையாட்டுப் பருவம் நீங்குமுன்னரே மணம் செய்து வைக்கப்பட்டார். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. தந்தையாரும் மறைந்தார். வறுமை வாட்ட, அச்சிறுமி நாடக மேடையை நாடினார். நல்ல குடும்பத்துப் பெண் மேடையேறுவது இழுக்கென்று ஊரார் கருதிய காலம் அது. பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்தாடினர். நம் யாழ்ப்பாணத்து இசை நாடக அரங்கிலும் அதுவே வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்கள் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் விரும்பிப் பார்க்கப்பட்டவை. இராஜலட்சுமியைப் பயிற்றுவித்ததும் அந்த நாடக மரபே.

மேடையிலே பாடி ஆடிப் புகழ்பெற்ற அவர், ஊமைப் படங்களில் நடித்தார். பின்னர் 1931 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள், தமிழின் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் சென்னையிலே திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி நெறிப்படுத்திய அப்படத்தின் கதாநாயகி இராஜலட்சுமி. கதாநாயகன் தெலுங்கிலே பேச, இவர் தமிழிலே மறுமொழி கூறினார். கதை காளிதாசனைப் பற்றியதே. ஆயினும் இராட்டினத்தின் பெருமை கூறும் பாடலொன்றும் அதில் இடம்பெற்றது. மக்கள் இவரைச் "சினிமா ராணி" எனக் கொண்டாடினர்.

புகழும் பொருளும் எய்திய நடிகை அத்துடன் அமைதி கொண்டிருக்கலாம். இராஜலட்சுமி அவ்வாறு அமையவில்லை. மேடையிலும் திரையிலும் அவர் பேசியவை பிறர் எழுதித் தந்த சொற்கள். அழுதவை பிறர் வகுத்த அழுகைகள். தாம் கண்டறிந்த பெண்ணின் துயரைத் தாமே கூற விரும்பிக் கமலவல்லி என்னும் நாவலை எழுதினார். அதனையே 1936 இல் மிஸ் கமலா என்னும் படமாக்கினார். கதையும் அவரது, தயாரிப்பும் நெறியாள்கையும் அவரது, கதாநாயகியும் அவரே. பெண்ணின் விருப்பத்தைக் கேளாது நடத்தும் திருமணத்தைப் பற்றிய கதை அது. சிறுவயதில் எவரும் கருத்துக் கேளாது மணம் செய்து வைக்கப்பட்ட பெண், வளர்ந்தபின் ஊரைக் கூட்டி வைத்து அக்கேள்வியை எழுப்பினார் என்றால் மிகையாகாது. 1939 இல் மதுரை வீரன் என்னும் படத்தையும் அவர் நெறிப்படுத்தினார். 1964 இல் மறைந்தார்.

போலந்து நாட்டிலே வாண்டா யாகுபோவ்ஸ்கா என்றொரு பெண் நெறியாளர் இருந்தார். இரண்டாம் உலகப் போரிலே நாஜிகளாற் சிறைப்பட்டு, ஆஷ்விட்ஸ் வதை முகாமின் கொடுமைகளை அனுபவித்தவர். விடுதலைக்குப் பின் அம்முகாமுக்கே திரும்பிச் சென்று, கைதிகளாயிருந்தவர்களையும் உடன்கொண்டு, கடைசிக் கட்டம் என்னும் படத்தை எடுத்தார். அது 1948 இல் வெளிவந்தது. இருவர் துன்பமும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கனவல்ல. எனினும், பட்டவரே தம் கதையைக் கூறும் உரிமையைப் பெறல் வேண்டும் என்பதில் இருவரும் ஒத்தவர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யாகுபோவ்ஸ்காவின் படத்தை உலகம் இன்றும் காண்கிறது. மிஸ் கமலாவின் பிரதி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. பழைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைவன. அவற்றைப் பேணிக் காக்கும் எண்ணம் நம்மவரிடம் காலங்கடந்தே தோன்றியது.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அது மீண்டும் இக்கரைக்கு வரவில்லை. ஆயினும் அதனைக் கட்டியவர்களையும் செலுத்தியவர்களையும் இவ்வூர் மறக்கவில்லை. கலைஞருக்கும் அத்தகைய நினைவு உரியதன்றோ? படம் அழிந்தது, அதனை எடுக்கத் துணிந்த பெண்ணின் பெயரேனும் நம் பிள்ளைகளின் செவியில் விழட்டும்.