இயக்குதண்டு இரைச்சல்

இயக்குதண்டு இரைச்சல் என்பது, முன்புறம் பொறியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட பழைய மகிழுந்துகளில், பல்லிணைப்பெட்டியில் இருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டும் அதன் மூட்டுக்களும் தேய்வதால் எழும் ஒலி அல்லது அதிர்வு ஆகும். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர் மகிழுந்து இவ்வகை அமைப்புக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பழுதுபார்க்கும் பட்டறைகளில் இத்தண்டு 'ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்' என்றும், அதன் மூட்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டு 'கிராஸ்' என்றும் வழங்கும். பெரும்பாலான இரைச்சல்களுக்குக் காரணம் இந்தக் கிராஸே. இது விலை குறைந்த உறுப்பு. ஆனால் தேய்ந்த நிலையில் விட்டுவைத்தால் ஓடும் வண்டியில் தண்டே கழன்று விழக்கூடும்.

அமைப்பு

பல்லிணைப்பெட்டி வண்டியின் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். பின் அச்சோ வில்பட்டைகளின் மேல் ஏறி இறங்கும். ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட கோணமும் தொலைவும் ஓட்டத்தின்போது மாறிக்கொண்டே இருக்கும். கோண மாற்றத்தைத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுக்களும், நீள மாற்றத்தைப் பல்வரி கொண்ட நழுவு இணைப்பும் ஏற்றுக்கொள்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு கவைகளை ஒரு கிராஸ் இணைக்கின்றது. அதன் நான்கு கைகளின் மீதும் ஊசி உருளைகள் கொண்ட சிறு கிண்ணங்கள் அமர்ந்திருக்கும்.

இம்மூட்டு 17 ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக்கால் விளக்கப்பட்டது. அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903 இல் பெற்ற காப்புரிமைக்குப் பின்னர் இது மகிழுந்துகளில் பரவலாயிற்று. ஹூக் மூட்டுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. உள்வரும் தண்டு சீரான வேகத்தில் சுழன்றாலும், வெளிச்செல்லும் தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். மூட்டின் கோணம் 10 பாகையாயின் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 30 பாகையாயின் ஏறத்தாழ 15 விழுக்காடு. இரண்டாவது மூட்டு இதே ஏற்ற இறக்கத்தை எதிர்த்திசையில் உண்டாக்கி முதலாவதை ஈடுசெய்கின்றது. இதற்குத் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். இரு மூட்டுக்களின் கோணங்களும் சமமாக இருத்தல் வேண்டும்.

ஒலியைக் கொண்டு அறிதல்

நின்ற வண்டி கிளம்பும்போதோ, பின்னோக்கும் பல்லிணையில் இருந்து முன்னோக்கும் பல்லிணைக்கு மாற்றும்போதோ 'டக்' என ஓர் ஒற்றை ஒலி கேட்டால், மூட்டிலோ நழுவு இணைப்பின் பல்வரியிலோ தளர்வு உள்ளது என ஐயுறலாம். பட்டறையினர் 'கிரவுன்' என்று அழைக்கும் பின் அச்சுப் பல்லிணைத் தொகுதி தேய்ந்திருந்தாலும் இதே ஒலி வரும் என்பதால், ஒலியை மட்டும் நம்பிக் கிரவுனைப் பிரிப்பது வீண்செலவு. மெதுவாகச் செல்லும்போது சீரான இடைவெளியில் எழும் 'கிறீச்' ஒலி, ஊசி உருளைகளில் கிரீஸ் வற்றியதன் அறிகுறி. பழுதின் தொடக்க நிலை பெரும்பாலும் இதுவே.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தோன்றும் அதிர்வு வேறு வகையானது. தண்டு வளைந்திருத்தல், அதில் பற்றவைத்த சமநிலை எடை உதிர்ந்திருத்தல் ஆகியன இதற்குக் காரணமாகலாம். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், கிரவுன் விகிதம் 4 எனக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 முறை சுழல்கின்றது. சமநிலைக் குறைவால் எழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 40 இல் உணரப்படாத குறை 80 இல் நான்கு மடங்காகின்றது. வளைவுகளில் திரும்பும்போது மாறும் உறுமல் ஒலி பெரும்பாலும் சக்கரத் தாங்கியைச் சேர்ந்தது, இயக்குதண்டைச் சேர்ந்ததன்று.

சோதித்தல்

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் செல்லுதல் கூடாது. இங்கு மறக்கப்படும் செய்தி ஒன்று: தண்டைக் கழற்றிய பின்னர், பல்லிணையில் போட்டு நிறுத்துவதால் பயனில்லை. பொறிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால் சரிவில் வண்டி உருளும்.

மூட்டின் இருபுறக் கவைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தளர்வு எதுவாயினும் கிராஸ் மாற்றத்தக்கதே. கிண்ணங்களைச் சுற்றிச் செங்கல்தூள் போன்ற செந்நிறப் பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் போய்த் துரு ஏறிவிட்டது என்று பொருள். இந்நிலையில் புதிதாகக் கிரீஸ் அடிப்பது ஒலியைச் சில நாட்களுக்கு அடக்குமே தவிர, தேய்ந்த உலோகத்தை மீட்காது.

கிராஸ் மாற்றுதல்

கழற்றும் முன்னர் தண்டிலும் அது இணையும் தட்டிலும் நழுவு இணைப்பின் இருபுறமும் அடையாளக் கோடு இடவேண்டும். நழுவு பகுதி தண்டிலேயே அமைந்த வண்டிகளில் ஒரு பல் மாறிப் பொருத்தினாலும் கவைகளின் தளம் விலகி, முன்பு இல்லாத அதிர்வு தோன்றும். நழுவு முனை பல்லிணைப்பெட்டிக்குள் செல்லும் வண்டிகளில் தளம் மாறாது. எனினும் சமநிலை கெடாதிருக்க அடையாளம் தேவை. இவற்றில் முனையை உருவும்போது எண்ணெய் ஒழுகும். பின்புறம் உயர்ந்திருந்தால் ஒழுக்கு குறையும்.

பூட்டு வளையங்களை நீக்கிய பின், வைஸில் ஒருபுறம் சிறிய சாக்கெட்டையும் மறுபுறம் கிண்ணம் நுழையுமளவு பெரிய சாக்கெட்டையும் வைத்து இறுக்கினால் கிண்ணம் வெளிவரும். கவையைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது அதன் காதுகளை வளைத்துவிடும். புதிய கிண்ணங்களைப் பொருத்துகையில் ஊசி ஒன்று சரிந்து அடியில் கிடந்தால் பூட்டு வளையம் பள்ளத்தில் அமராது. அப்போது வலுக்கட்டாயமாக அழுத்தாமல் கிண்ணத்தை வெளியே எடுத்துப் பார்ப்பதே சரி. கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸாயின், அது கிரீஸ் துப்பாக்கி எட்டும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும்.

கவையின் துளை பெரிதாகிக் கிண்ணம் கையாலேயே நுழைந்தால் புதிய கிராஸ் நிலைக்காது. கவையையோ முழுத் தண்டையோ மாற்ற வேண்டும். இரண்டு மூட்டுக்களும் ஒரே தொலைவு ஓடியவை என்பதால் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் ஆகாது. இணைப்புத் தட்டின் பூட்டு மரைகளைப் புதிதாக இடுவது நன்று. இதன் பின்னரும் வேகத்தில் அதிர்வு இருப்பின், தண்டைச் சமநிலைப்படுத்தும் எந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

கவனியாது விடுவதன் விளைவு

பின் மூட்டு முறிந்தால் இழுவை அறுந்து வண்டி நின்றுவிடும். சுழலும் தண்டு தரைத்தகட்டையும் தடுப்புக் குழாய்களையும் அடித்துச் சேதப்படுத்தலாம். முன் மூட்டு முறிவது இன்னும் கொடியது. தண்டின் முன்முனை சாலையில் இறங்கிக் குத்தினால் வண்டியின் பின்புறத்தையே தூக்கிவிட வல்லது. பந்தய வண்டிகளில் தண்டைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்று பொருத்தப்படுவது இதற்காகவே.