சொல்லாத காரணம்: நகலெடுக்கும் எந்திர ஆய்வு, ஒரு மறுவாசிப்பு

முன்பின் தெரியாத ஒருவரிடம் சிறு சலுகை கேட்கும்போது கூடவே ஒரு காரணத்தையும் சொல்லிவிட்டால் போதும், அந்தக் காரணத்தில் பொருள் இருக்கவேண்டிய தேவையில்லை என்னும் கருத்து சமூக உளவியலில் ஏறத்தாழ ஐயத்திற்கு அப்பாற்பட்ட முடிவாக நிலைத்துவிட்டது. பாடநூல்கள் இதைச் சொல்கின்றன; விற்பனைக் கலை நூல்கள் இன்னும் உரக்கச் சொல்கின்றன. அவை சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஆய்வைத்தான்: எல்லன் லாங்கர், ஆர்தர் பிளாங்க், பென்சியன் சானோவிட்ஸ் ஆகிய மூவரும் 1978இல் வெளியிட்ட நகலெடுக்கும் எந்திர ஆய்வு. அந்த ஆய்வின் எண்கள் இம்முடிவைத் தாங்கவில்லை என்பதையும், காரணம் சொல்லாமல் கேட்பதை எதையும் உணர்த்தாத சுழிநிலையாகக் கொண்டதே சிக்கலின் வேர் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஆய்வு நடந்த இடம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மையம். நகலெடுக்க வந்தவர் எந்திரத்தில் காசு போடும் தறுவாயில் ஆய்வாளர் அவரை அணுகி, தம்மை முதலில் எடுக்க விடுமாறு கேட்கிறார். சிலரிடம் வெறும் வேண்டுகோள் மட்டும். சிலரிடம் ‘அவசரமாக இருக்கிறேன்’ என்ற உண்மைக் காரணம். சிலரிடம் ‘நகல் எடுக்கவேண்டியிருக்கிறது’ என்ற வெற்றுக் காரணம். வேண்டுகோள் சிறியதாக இருந்தபோது இசைந்தோர் முறையே 60, 94, 93 விழுக்காடு. வெற்றுக் காரணமும் உண்மைக் காரணமும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்ததால், கேட்டவர்கள் பொருளைக் கவனிக்கவில்லை, காரணத்தின் வடிவத்தைக் கேட்டதுமே பழக்கத்தால் இசைந்தார்கள் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். பின்வந்த மரபு இந்த மூன்று எண்களையே மீண்டும் மீண்டும் எடுத்தாள்கிறது.

அட்டவணையின் மறுபாதி அவ்வளவாக எடுத்தாளப்படுவதில்லை. வேண்டுகோள் பெரியதாக இருந்தபோது வெறும் வேண்டுகோளுக்கு இசைந்தோர் 24 விழுக்காடு. வெற்றுக் காரணத்திற்கும் அதே 24. உண்மைக் காரணத்திற்கு 42. இங்கே வெற்றுக் காரணம் எதையும் ஈட்டித் தரவில்லை. லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் இதை மறைக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். இழப்பு பெரிதானால் மனம் விழித்துக்கொள்ளும் என்பதே அவர்கள் கருதுகோள். அது நிறைவேறியதாகவே அவர்கள் கண்டனர். ஆகவே என் கேள்வி அட்டவணையின் மறுபாதியை விட்டவர்களோடு நிற்கவில்லை. மூல ஆய்வின் தருக்கத்தையே அது தொடுகிறது.

‘சிறியது’, ‘பெரியது’ என்பன இவ்வாய்வில் எப்படி வரையறுக்கப்பட்டன என்பதைப் பார்க்கவேண்டும். மறுகூறல்களில் இது 5 பக்கத்திற்கும் 20 பக்கத்திற்கும் உள்ள வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. மூல ஆய்வின் வரையறை வேறு. கேட்பவரின் தாள்களைவிட இசையவேண்டியவரின் தாள்கள் மிகுதியாக இருந்தால் வேண்டுகோள் சிறியது. குறைவாக இருந்தால் பெரியது. அதாவது வேண்டுகோளின் அளவை முடிவு செய்வது இருவர் கையிலுள்ள தாள்களின் ஒப்பீடு. தன் கையில் தடித்த கட்டு இருக்க, எதிரில் நிற்பவர் சில தாள்களோடு வந்தால் வழிவிடுவது அறிவுக்குப் பொருந்திய செயலே. இருவரின் மொத்தக் காத்திருப்பும் குறைகிறது. வழிவிட்டவர் இழப்பது ஓரிரு நிமிடம்.

மனம் உறங்குகிறதா விழிக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒப்பீடுதான் என்றால், அந்த ஒப்பீட்டைச் செய்தது எது? தன் கட்டையும் அவர் கட்டையும் எடைபோட்ட பிறகே ‘இது சிறியது’ என்று ஒருவர் உணரமுடியும். அப்படி எடைபோட்ட மனத்தை அடுத்த நொடியில் சிந்தனையற்றது என்று பெயரிடுவது பொருந்தவில்லை. பெரிய வேண்டுகோளின் முன் மக்கள் வேறுவிதமாக நடந்துகொண்டது, சிறியதன் முன்னும் அவர்கள் அளந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதையே காட்டுகிறது.

எண்களின் பருமனையும் கருதவேண்டும். ஆய்வுக்கு உட்பட்டோர் 120 பேர். சிறிய வேண்டுகோளில் காரணம் கேளாத 15 பேரில் இசைந்தவர் 9. வெற்றுக் காரணம் கேட்ட 15 பேரில் 14. அரை நூற்றாண்டு புகழுக்கு அடிப்படையான வேறுபாடு ஐந்து மனிதர்களுடையது. இவ்விரு தொகுதிகளை மட்டும் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்கு உட்படுத்தினால் இருபக்க நிகழ்தகவு 0.08 வருகிறது. விளைவே இல்லை என்று இதைக்கொண்டு வாதிட நான் துணியவில்லை. என் வாசிப்பும் அதே ஐந்து பேரின் மீதுதான் பாதி நிற்கிறது. மனித மனத்தைப் பற்றிய பொதுவிதி ஒன்றை இதன்மேல் எழுப்புவது மிகை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி அந்த 60 விழுக்காட்டிற்கு வருவோம். மரபான வாசிப்பு இதைத் தொடக்க அளவாகக் கொண்டு, காரணம் அதை உயர்த்தியது என்கிறது. காரணமின்மை அதைத் தாழ்த்தியது என்று வாசிக்க என்ன தடை? முன்பின் தெரியாதவர் தன் முறைக்கு உரிமையுள்ள ஒருவரிடம் விளக்கமே தராமல் வழிகேட்பது இயல்பான நிகழ்வன்று. அது ஒரு துணிச்சலாக, எதிரில் நிற்பவரைப் பொருட்படுத்தாத போக்காகத் தோன்றக்கூடும். வெற்றுக் காரணம் செய்தி எதையும் தராவிட்டாலும், ‘உமக்கு உரியதைக் கேட்கிறேன் என்பதை அறிவேன்’ என்ற ஒப்புதலைத் தருகிறது. திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டு நுழைவதைப் போன்றது அது: தட்டியவர் புதிதாக எதையும் சொல்வதில்லை, ஆனால் தட்டாமல் நுழைந்தவர் எதையோ சொல்லிவிடுகிறார்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடாமல் காக்கும் சான்று அதே நகரில், அதே மையத்தில் கிடைக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த ஸ்டான்லி மில்கிராம் தம் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பி, உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கையைக் கேட்கச் செய்தார். ஜான் சபினியோடு அவர் எழுதிய அறிக்கை வெளிவந்ததும் 1978இலேயே. காரணமே சொல்லாமல் கேட்டபோது எழுந்தோ நகர்ந்தோ இடம்கொடுத்தவர்கள் 68.3 விழுக்காடு. நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை என்ற அற்பக் காரணத்தைச் சேர்த்தபோது அது 41.9 விழுக்காடாகக் குறைந்தது. இருக்கை கேட்கப்போகும் பேச்சு முன்கூட்டியே காதில் விழுமாறு செய்து, பிறகு காரணமின்றிக் கேட்டபோது 36.5.

காரணத்தின் வடிவமே இசைவைத் தூண்டுமானால் இந்த வீழ்ச்சி நேர்ந்திருக்கக் கூடாது. ரயிலில் கேட்கப்பட்டது பெரிய உதவி, அதனால் மனம் விழித்துக்கொண்டது என்று விடை சொல்லலாம். அது போதாது. நகல் ஆய்வில் பெரிய வேண்டுகோளின்போது வெற்றுக் காரணம் பயனற்றுப் போனதே ஒழிய இசைவைக் குறைக்கவில்லை, இரண்டும் 24தான். ரயிலில் அற்பக் காரணம் வாய்திறக்காமல் இருந்ததைவிடக் கெடுதலாக முடிந்தது. இழப்பின் அளவு ஒன்றால் மட்டும் இதை விளக்கமுடியாது.

மில்கிராமும் சபினியும் தந்த விளக்கம் இங்கே உதவுகிறது. காரணமின்றி இருக்கை கேட்கப்பட்டவர்கள் திடுக்கிட்டனர். எப்படி மறுப்பது என்று உடனே தோன்றவில்லை. கேட்பவருக்கு உடல்நலக் குறைவோ வேறு இக்கட்டோ இருக்கும் என்று தாமே ஒரு காரணத்தை அளித்தனர். அற்பக் காரணம் அந்த நல்லெண்ணத்தைக் குலைத்தது. முன்கூட்டிக் காதில் விழுந்த பேச்சு மறுப்பைத் தேட நேரம் கொடுத்தது. இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால், காரணமின்மை இரண்டு இடங்களிலும் ஒரு செய்தியாக இயங்கியது புலப்படுகிறது. எந்திரத்தின் அருகே அது அலட்சியமாகவும், ரயிலில் அவசரத் தேவையாகவும் வாசிக்கப்பட்டது. வாசித்தவர்கள் சிந்தனை உள்ளவர்கள்.

1985இல் வாலரி ஃபோக்ஸ் இந்த ஆய்வை ஓரளவு மீண்டும் நடத்தியபோது, சிறிய வேண்டுகோளிலும் மக்கள் காரணங்களை வேறுபடுத்தியே பார்ப்பதைக் கண்டார். கேட்பவரின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தைவிட, அவரை மீறிய காரணத்திற்கு இசைவு மிகுதி. லாங்கர் குழுவினர் அதே ஆண்டில் மறுமொழி எழுதினர். நகல் எந்திரத்தைப் பொறுத்தவரை அந்த மறுமொழி என்னை நிறைவு செய்யவில்லை.

மூல ஆய்வறிக்கையிலேயே அலுவலகச் செயலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிய மற்றொரு சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். பணியிடத்தில் வழக்கமான வடிவில் வரும் தாளுக்கு வழக்கமான முறையில் மறுமொழி தருவது வேறு வகைச் செயல். அதை இங்கே சேர்ப்பதில் பயனில்லை. நகலெடுக்கும் எந்திரச் சூழலும் ரயிலும் ஒப்பிடத் தக்கவை அல்ல என்ற மறுப்பு என் வாதத்திற்கே துணை செய்கிறது. சூழலுக்கேற்ப மாறும் பொருளை உணர்வதற்குச் சூழலைக் கவனிக்கும் மனம் வேண்டும்.

இவ்வாசிப்பு சரியானால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, காரணம் கூறுவதன் ஆற்றலை அளக்கும் ஆய்வுகள் காரணம் கூறாத நிலையை வெற்று ஒப்பீடாகக் கொள்ளக்கூடாது. அந்நிலையை மக்கள் எப்படிப் பொருள்கொண்டார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு முன்னறிவிப்பு. நகலெடுக்கும் எந்திரத்தின் அருகே, மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர் காரணம் எதுவும் சொல்லாமல் வழிகேட்கட்டும். அதே நிலையில் மற்றொருவர், நகல் எடுக்கவேண்டியிருக்கிறது என்ற வெற்றுக் காரணத்தோடு கேட்கட்டும். மரபான கருத்துப்படி இரண்டாமவருக்கே இசைவு மிகவேண்டும். என் கருத்துப்படி முதலாமவர் அவருக்குச் சமமாகவேனும் நிற்பார், பெரும்பாலும் முந்துவார். முடிவு மாறாக வந்தால் இக்கட்டுரையின் வாதம் வீழ்ந்துவிடும். அதுவரை, அந்நியர் ஒருவருக்கு வழிவிட்ட மனிதர்களைச் சிந்தனையற்றோர் என்று அழைக்க இந்த அட்டவணை நமக்கு உரிமை தரவில்லை.