தோப்பி: வீட்டில் காய்ச்சிய கள்ளின் கதை



"குடிக்காதேன்னு சொல்றீங்களே சாமி, சங்க காலத்துலயே குடிச்சாங்களே?" என்று நம் நெசவுத் தெருக்களில் படித்த பிள்ளைகள் மடக்குவதுண்டு. நியாயமான கேள்விதான். அதியமான் தன்னிடமிருந்த சிறிதளவு கள்ளையும் ஔவையாருக்குக் கொடுத்தவன் என்று புறநானூறே சொல்கிறது. எனவே மழுப்ப வேண்டாம். அவர்கள் குடித்தது எது, அது எங்கே காய்ச்சப்பட்டது என்று பார்ப்போம்.

பெரும்பாணாற்றுப்படை நம் தொண்டை நாட்டு நூல். காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது இதுவும் வெளிவந்தது. நெல்லரிசியில் வீட்டிலேயே காய்ச்சிய கள்ளை இந்நூல் 'தோப்பி' என்கிறது. வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் காய்ச்சும் பக்குவமும் உண்டு. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைக்க வேண்டும். முளைவிட்ட நெல்லை இடித்து அதில் கலக்க வேண்டும். சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும். ஒரு புலவர் அடுப்பங்கரையை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பு.

இதில் சூட்சுமம் அந்த முளைதான். தானியம் முளைக்கும்போது அதில் ஒரு நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட் அதைச் சாராயச்சத்தாக மாற்றும். ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டி பீர் செய்வதும் இதே வழிதான். திராட்சை விளையாத குளிர்நாடுகளில் நம் துறவு மடங்களே பீர் காய்ச்சின. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில், ஏறத்தாழ கி.பி. 820-இல் வரைந்த மட வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் துறவிகளுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று என்று தனித்தனிக் காய்ச்சுமிடங்கள்! புனித ஆசீர்வாதப்பரோ தம் ஒழுங்கு நூலில் ஒரு துறவிக்கு நாளுக்கு இவ்வளவு திராட்சை இரசம் என்று அளவே வைத்தார். குடிக்கவே கூடாது என்றால் இக்காலத் துறவிகள் கேட்கமாட்டார்கள் என்று அலுத்துக்கொண்டுதான் வைத்தார்.

இரண்டு நாளில் விளைந்த கள் வீரியம் குறைந்தது, வைத்திருந்தால் புளித்துவிடும். வீட்டு அரிசியில் காய்ச்சுவதால், எவ்வளவு காய்ச்சலாம் என்பதை அரிசிப் பானை சொல்லும். அதற்காக அதைப் புனிதமாக்கவும் வேண்டாம். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடியினர் வீடுகளில் இன்றும் அரிசியில் 'ஹண்டியா' செய்கிறார்கள். திருமணத்திலும் முன்னோர் படையலிலும் அதற்கு இடமுண்டு. அது சந்தைக்கு வந்தபோது குடும்பங்களைக் கெடுத்ததும் உண்டு.

நம் பக்கத்துக் கதை வேறு. 1886-ஆம் ஆண்டு சென்னை அப்காரிச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். கடைகள் ஏலம் போயின. குடி அரசுக்கு வருமானமாயிற்று. ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938-இல் சித்தூருக்கு நீட்டித்தார். அப்போது நம் பொதட்டூர்பேட்டை சித்தூர் மாவட்டம். 1960-இல்தான் திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்தோம். ஆக, மதுவிலக்கு முதலில் எட்டிய ஊர்களில் நம்முடையதும் ஒன்று. இழந்த கள்ளுப் பணத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போனபின்னும் அந்த வரி போகவில்லை!

அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒருவர் தம் வீட்டில் தோப்பி காய்ச்சினால் காவலர் வருவார். தெருமுனையில் அரசே பிராந்தி விற்கிறது. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. அந்தப் புட்டியில் சாராயச்சத்து 42.8 விழுக்காடு. வாரக்கூலி வாங்கிய மாலையில் அதைத் திறப்பவர் சங்கப் புலவரைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. புலவர் குடித்தது இதுவல்ல.

முளைகட்டும் கைப்பக்குவம் மட்டும் நம் பெண்களிடம் மிஞ்சியிருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளைத்ததும் உலர்த்தி, வறுத்து அரைத்து, பல் முளைக்காத குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்கள்.