முதியோர் குரலும் மனுக்கள் குழுவும்

பங்காருபேட்டைச் சந்திப்பில் வண்டி மாறி, கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பம் சென்றவர்கள், வழியெங்கும் குன்றுபோல் நிற்கும் சயனைடு மண்மேடுகளைக் கண்டிருப்பார்கள். பூமியின் வயிற்றிலிருந்து அந்த மண்ணை மேலே கொணர்ந்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர். இன்று காலை வண்டிகளில் இளைஞர்கள் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். பகற்பொழுதில் லயன் வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் முதியவர்களே. உழைத்து ஓய்ந்தவர்களின் குறையைச் சட்டமன்றங்கள் எவ்வாறு கேட்டன, கேட்டு என்ன செய்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1880-ஆம் ஆண்டு முதல் இச்சுரங்கங்களை நடத்தி வந்தது லண்டன் மாநகரத்து ஜான் டெய்லர் கம்பெனி. அந்த இங்கிலாந்தில் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. 1909 ஜனவரி முதல் நாள் தொட்டு, வருவாய் குறைந்த, 70 வயதெய்திய முதியவர்கள் வாரத்திற்கு 5 ஷில்லிங் வரை பெறலாயினர். கோலாரில் தங்கம் வெட்டிய தொழிலாளிக்கோ அத்தகைய சட்டவுரிமை கிட்டுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

நம் நாட்டில் இவ்வுரிமை படிப்படியாகவே வந்தது. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், பின்னர்த் தங்கச் சுரங்கங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்கும்போது ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பது அதன் முறை. 1971-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம், தொழிலாளி இறந்தால் அவன் மனைவி மக்களுக்கு உதவிற்று. உயிரோடிருக்கும் தொழிலாளிக்கே மாதந்தோறும் பென்ஷன் அளிக்கும் திட்டம் 1995 நவம்பர் 16-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் பங்கில் 8.33 சதவீதமும், மத்திய அரசின் 1.16 சதவீதமும் சேர்ந்ததே அதன் மூலதனம்.

இத்திட்டத்தின் கணக்கு எளியது. கணக்கிற்குரிய ஊதியத்தைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். ஊதியத்திற்கு அன்று பொதுவாக விதித்திருந்த வரம்பு 5,000 ரூபாய். அதன்படி பத்தாண்டுப் பணிக்குக் கிடைப்பது மாதம் 714 ரூபாய். 1995-க்கு முற்பட்ட பணிக்குத் தனியே ஒரு சிறு தொகை சேரும். ஒருமுறை நிர்ணயித்த பென்ஷன், விலைவாசியோடு தானாக ஏறுவதுமில்லை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்களை மூடிற்று. ஊதிய வரம்பு 6,500 ரூபாயாக உயர்ந்தது அதே ஆண்டு ஜூன் முதல் நாள். மூன்று மாத இடைவெளியில் அவ்வுயர்வு சுரங்கத் தொழிலாளரைத் தப்பிச் சென்றது.

இத்தகைய குறைகளைக் கேட்கும் வாயில்களுள் ஒன்று, ராஜ்ய சபையின் மனுக்கள் குழு. பத்து உறுப்பினர் கொண்ட இக்குழுவின் முன் எந்தக் குடிமகனும் முறைப்படி விண்ணப்பம் வைக்கலாம். குழு சம்பந்தப்பட்ட அமைச்சகத்தாரை அழைத்து விளக்கம் கேட்கும்; பின்னர்த் தன் அறிக்கையைச் சபையில் வைக்கும். ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. அமெரிக்க செனட் சபை முதியோர் நலனுக்கென்றே 1961-இல் அமைத்த சிறப்புக் குழுவும் ஆராய்ந்து உரைக்குமேயன்றிச் சட்டம் இயற்றாது.

1995-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தக்க திருத்தங்கள் வேண்டிய மனுவொன்று இந்த வாயிலை அணுகிற்று. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான குழு அதனை ஆராய்ந்து, 2013 செப்டம்பரில் தன் 147-ஆவது அறிக்கையைச் சபையில் வைத்தது. குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 3,000 ரூபாயாக இருத்தல் வேண்டும். விலைவாசி ஏற்றத்திற்கேற்ப அதுவும் உயர்தல் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொட்டு அரசு குறைந்தபட்சத் தொகையை விதித்தது. அது 1,000 ரூபாய். பரிந்துரையில் மூன்றில் ஒரு பங்கு. விலைவாசியைத் தொடரும் ஏற்பாடு ஏதும் அதில் இல்லை.

இதனைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? அதுகாறும் மாதம் சில நூறு ரூபாயே பெற்று வந்த முதியவருக்கு 1,000 ரூபாய் பெரிய வேறுபாடுதான். ஆயினும் அதுவே போதுமென்று அக்குழு கருதவில்லை என்பதும் சபையின் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. பின்னர் எவரேனும் வழக்காடப் புகுந்தால், அவர்கள் காட்டத்தக்க சான்று அது. ஆனால் ஏடு காத்திருக்கும், முதுமை காத்திராது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்த 2019-இல் லோக சபையில் ஒரு மசோதா வந்தது. நிலைக்குழு அதனை ஆராய்ந்து 2021-இல் அறிக்கை தந்தது. மசோதா நிறைவேறுமுன்னரே அந்த லோக சபையின் காலம் 2024-இல் முடிவுற்றது. அதனோடு மசோதாவும் காலாவதியாயிற்று. குழுவின் உழைப்பு வீண்போகாதிருக்க, அதனை இடைவிடாது நினைவூட்டும் மக்கள் வேண்டும்.

இங்கேதான் வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு கடமை உண்டு. பாராளுமன்றத்திற்கு அனுப்பும் மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். வேறு மொழியில் எழுதினால், மனுதாரர் கையொப்பமிட்ட மொழிபெயர்ப்பை உடன் இணைக்க வேண்டும் என்பது விதி. தமிழில் தம் குறையைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த முதியவர் பலர், இந்த ஒரு தாளுக்காகவே வாய்மூடி இருக்கின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இதனை நன்கறிவேன். டில்லியிலும் பம்பாயிலும் பெங்களூரிலும் பிறமொழி பயின்று பணியாற்றும் மக்கள், ஊரிலுள்ள தந்தையின் அருகமர்ந்து, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுக்கலாம். மூவாயிரம் அடிக்கும் கீழே இறங்கி உழைத்தவரின் சொல், சபையின் படியேறுவதற்கு அவ்வளவு உதவியேனும் நாம் செய்யக் கடமைப்பட்டவர்கள்.