வட்டத்தொட்டி: ஒரு முற்றத்தில் வளர்ந்த கவிச்சுவை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ‘ரசிகமணி’ டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் 1920-களில் கூடத் தொடங்கிய வாசகர் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். பெயர் வீட்டின் அமைப்பிலிருந்து வந்தது. பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்தபடி விடும் முற்றத்தைத் தொட்டி என்பார்கள். டி.கே.சி. வீட்டில் அது வட்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே நண்பர்கள் கூடி உட்காருவார்கள். கம்பன் பாட்டு ஒன்றை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். முறைப்படி அமைத்த சங்கமாக அது இருக்கவில்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டில் பழந்தமிழ்க் கவிதை புலவர் வீட்டுத் திண்ணையை விட்டு வக்கீல், உத்தியோகஸ்தர், பத்திரிகையாளர் கைக்கு வந்த கதையில் அந்த முற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கூடியிருந்து படிப்பது தமிழருக்குப் புதிய பழக்கம் இல்லை. ஏடு ஒன்றாகவும் கேட்பவர் பலராகவும் இருந்த காலத்தில் படிப்பு என்பதே பெரும்பாலும் காதால் நடந்தது. கோயில் மண்டபங்களில் புராணம் வாசித்துப் பொருள் சொல்வார்கள். புதிய நூல் இயற்றிய புலவர் அதைச் சபையில் அரங்கேற்றுவார். எந்த நூலைப் படிப்பது என்பதை ஆசிரியரும் மடமும் ஊர் வழக்கமும் முடிவு செய்தன. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்ற வரிசையில் படிப்பு நகர்ந்தது. அந்த வரிசைக்கு வெளியே இருந்த நூல்கள் ஏட்டுக்கட்டுக்குள்ளேயே உறங்கின.

அந்த வரிசையை உடைத்தது ஒரு வாசகரின் கேள்வி. 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைச் சாமிநாதையர் சொல்லியும் முதலியாருக்கு நிறைவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் முதலியவற்றைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பார்த்ததில்லை. பிறகு தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை முதலியார் தந்தார். இருவரும் சேர்ந்து அதைப் படிக்கத் தொடங்கினார்கள். சமண சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார் ஐயர். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் வெளிவந்தன. உழைப்பு முழுவதும் சாமிநாதையருடையது. ஆனால் அந்த உழைப்புக்கு வாசல் திறந்தவர், தமிழைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு நீதிமன்ற அதிகாரி. தாம் சுவைத்த நூலை இன்னொருவரும் சுவைக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது.

அடுத்த தலைமுறையில் வேறொரு சிக்கல் எழுந்தது. நூல்கள் அச்சில் கிடைத்தன, படிப்பவர்தான் இல்லை. ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் ஷேக்ஸ்பியரையும் வேர்ட்ஸ்வர்த்தையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். கம்பனைப் புலவர்களுக்கு உரிய சரக்காக ஒதுக்கினார்கள். புலவர்களோ பாட்டைப் பதம் பிரித்து, இலக்கணக் குறிப்பு சொல்லி, உரை கூறி முடித்தார்கள். பாட்டு எந்த இடத்தில் உயிர் பெறுகிறது என்று சொல்ல ஆள் இல்லை. டி.கே.சி. சட்டம் படித்தவர்; சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தவர்; 1930-களின் முற்பாதியில் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றியவர். ஆங்கிலக் கவிதையை நன்கு அறிந்த அவர், தம்மைப் போன்ற படிப்பாளிகளைத் தமிழுக்கு அழைத்து வருவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய முறை எளிமையானது. ஒரு மாலைக்குப் பத்துப் பாட்டு அவருக்குத் தேவைப்படாது; இரண்டு மூன்று போதும். பாட்டைச் சொல்வதற்கு முன் அது எழும் சூழ்நிலையைப் பேச்சுத் தமிழில் விவரிப்பார். கேட்பவர் மனம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் முதல் அடியைச் சொல்வார், திரும்பச் சொல்வார், ஒரு சொல்லில் நிற்பார், தாளம் தெரியும்படி அடுத்த அடிக்கு நகர்வார். பாட்டின் கருத்து மட்டும் கவி ஆகிவிடாது, அதன் உருவமும் ஓசையும் உணர்ச்சியோடு ஒன்றினால்தான் கவி என்பது அவர் கொள்கை. அச்சிலும் அதே அக்கறையைக் காட்டினார். சந்தி சேர்ந்து இறுகிக் கிடந்த அடிகளைச் சொல் சொல்லாகப் பிரித்து, படிக்கும்போதே தாளம் கேட்கும்படி வெளியிட்டார். பழைய பாட்டைப் பார்த்து மிரண்டவர்களுக்கு இந்தப் பிரிப்பே பாதித் தடையை நீக்கியது.

கம்பனைத் தவிர திருக்குறளும் தனிப்பாடல்களும் அவருடைய வழக்கமான உணவு. தம் காலத்தவரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாட்டையும் பழைய கவிகளோடு ஒன்றாக வைத்துப் போற்றினார். முத்தொள்ளாயிரத்தைப் பொதுவாசகர் அறிந்ததில் அவருடைய விளக்கத்துக்கு முதன்மையான இடம் உண்டு. சேர, சோழ, பாண்டியரைப் பாடிய அந்த நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை; புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பின் வழியாக நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே பிழைத்தன. பெயர் தெரியாத ஒரு வாசகர், தாம் படித்தவற்றில் பிடித்த பாடல்களைப் பல நூல்களிலிருந்து பொறுக்கி வைத்த தொகுப்பு அது. அவர் ரசித்துப் பொறுக்கி வைத்ததைப் பல நூற்றாண்டுகள் கழித்து வண்ணார்பேட்டையில் இன்னொரு ரசிகர் எடுத்துச் சொன்னார்.

ரசனைக்கு இத்தனை அதிகாரம் கொடுத்ததில் ஓர் ஆபத்தும் இருந்தது. கம்பராமாயணத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றில் மிகப் பலவற்றை இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளினார். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சில சொற்களைத் தம் செவிக்கு ஒத்தபடி திருத்தினார். ஏட்டுச் சான்று இல்லாமல் செய்த இந்தத் திருத்தங்களைப் பதிப்பு நெறி அறிந்த அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பு நியாயமானது. ஒரு பாட்டு தமக்குப் பிடிக்கவில்லை என்பது கவிஞர் அதை எழுதவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. கம்பனின் பாடத்தைத் தேடுபவர் டி.கே.சி. பதிப்பை நம்பிப் போக முடியாது. கம்பனிடம் முதன்முதலாகப் போக விரும்புபவருக்கோ அதைப் போன்ற துணை அரிது.

முற்றத்துக்கு வர முடியாதவர்களுக்குக் கடிதம் போனது. டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் குசலத்தோடு ஒரு பாட்டும் அதன் சுவையும் கலந்தே வரும். அவர் காலத்துக்குப் பின் அவை நூலாகவும் வெளிவந்தன. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வசித்தபோது சாரல் காலத்து விருந்தினர்களுக்கு அருவியோடு கம்பனும் கிடைத்தான். ராஜாஜியும் கல்கியும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். கல்கி இதழில் அவர் கம்பனைப் பற்றி எழுதியபோது, முற்றத்தில் சில பேர் கேட்ட பேச்சு தமிழ்நாடு முழுவதும் படிக்கக் கிடைத்தது.

வட்டத்தொட்டியில் அமர்ந்தவர்கள் பின்னர் தத்தம் வழியில் அதைத் தொடர்ந்தார்கள். அரசு அதிகாரியாக இருந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமானார். கோயில் கலையை ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்ற தொடரில் எளிய நடையில் எழுதினார். உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். கம்பனைப் பற்றிச் சாகித்திய அகாதெமிக்காக ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கரிசல் நிலத்து இடைசெவலிலிருந்து வந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் டி.கே.சி.யிடம் ஈடுபாடு கொண்ட எழுத்தாளர்கள். அழகிரிசாமி பழம்பாடல் பதிப்பிலும் உழைத்தார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை அவர் பதிப்பித்திருக்கிறார்.

1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழாவுக்கு டி.கே.சி. தலைமை தாங்கினார். கம்பன் சமாதி இருப்பதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில் பங்குனி அத்த நாளில் விழாவை நிறைவு செய்வது வழக்கமாயிற்று. சுவைஞர் சிலரின் மாலைப்பேச்சு அங்கே ஆயிரக்கணக்கானோர் கேட்கும் மேடையாயிற்று. பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் கம்பன் விழாக்களின் அடையாளம் ஆயின. டி.கே.சி. 1954 பிப்ரவரியில் காலமானார். காரைக்குடியைப் பின்பற்றிப் புதுச்சேரி, சென்னை முதலிய ஊர்களிலும் கம்பன் கழகங்கள் எழுந்தன. 1980-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கழகம் பின்னர் கொழும்பில் விழா எடுத்து வருகிறது.